பொத்தானுக்கு அப்பால் இருந்த கைக்கு இரண்டாவது பாராட்டு மடல்

மின்விசை காத்த மேலவரே! மெய்வருத்தம் மறைத்த மேன்மையரே! எங்கள் பெருமதிப்புக்குரிய எர்னஸ்ட் நவமணி ஐயா அவர்களே!

வணக்கம். முதலில், யார் யார் வந்திருந்தோம், எங்கே அமர்ந்திருந்தோம் என்பதை எழுதிவிடுகிறேன். எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு அடுத்தது விளங்கும். இந்த ஏழு நாளாக அடுத்தது எதுவும் விளங்கவில்லை.

ஜப்பானியர் கணக்கில் 2603ஆம் ஆண்டு, நம் பழைய கணக்கில் 1943, ஆகஸ்டு முப்பதாம் நாள், திங்கட்கிழமை, தோக்கியோ நேரம் மாலை நான்கு மணி. பணி ஓய்வு பெறும் தங்களுக்குப் பிரியாவிடைக் கூட்டம். இடம், நம் மின்சார நிலையத்தின் சாமான் அறை. முன்வரிசை நடுவில், பிரம்பு நாற்காலியில், ஜப்பானிய மேலதிகாரி. அவருடைய வாள் நாற்காலியின் கையில் சாய்ந்திருந்தது. அவருக்கு வலப்பக்கம் தாங்கள், செவ்வந்தி மாலையோடு. சன்னல் ஓரத்து நாற்காலிதான் வேண்டும் என்று தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். மேலதிகாரிக்கு இடப்பக்கம் தங்கள் துணைவியார் ரூத் அம்மா. அவருக்கு அடுத்த நாற்காலி தங்கள் மகள் பிரிஜெட்டுக்கு என்று போட்டது. தாம் வாழும் மெர்கோங்கிலிருந்து அவர் வரவில்லை, அது காலியாகவே இருந்தது. பின்னிரண்டு வாங்குகளில் கம்பியாட்களும் காவலாட்களுமாகப் பதினொருவர். வாசலில், கவிழ்த்த எண்ணெய்ப் பீப்பாய்மேல், எண்ணெய் போடும் முனியாண்டி. அடுத்த அறையில், திறந்த கதவின் வழியே தெரியும்படி, சுவிட்சுப் பலகையின் முன் வேலைமுறையில் தம்பி கிளாரன்ஸ். மேசைக்குப் பின்னால், முதல் பாராட்டு மடலைக் கையில் பிடித்தபடி, நிலையத்தில் எழுத்துவேலை பார்க்கும் கிராணியும் பதிவேட்டுக்காரனுமாகிய சதாசிவம் என்னும் நான்.

அந்த மடலை எழுத எனக்கு ஒன்பது இரவு பிடித்தது. "ஓயாத மோட்டாரை ஒத்த உழைப்பாளரே!" என்று தொடங்கியிருந்தேன். ஊரில் விளக்கும் இயந்திரமும் கூடக் கூட வோல்ட்டேஜ் தாழும், பலகையிலுள்ள பொத்தானை நாங்கள் அழுத்துவோம், முற்றத்துக் கொட்டகையில் சிறு மோட்டார் ஒன்று சுழன்று, டிரான்ஸ்பார்மரின் உள்ளே இருக்கும் சுவிட்சை ஒரு படி நகர்த்தும், வோல்ட்டேஜ் காட்டும் முள் எழும்பும், மணி ஒலிக்கும். அந்த மோட்டாரைத் தாங்கள் பெற்ற பிள்ளைபோல் பேணியதாக எழுதியிருந்தேன். மூன்றாம் பத்தியில் 'பெற்ற பிள்ளை' என்ற சொல்லை நான் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், பொத்தானை அழுத்துமுன் மணியாக அடிக்கும் தண்டவாளத் துண்டு வெளியே ஒலித்தது.

தாங்கள் எழுந்தீர்கள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தீர்கள். யாரையும் பார்க்காமல் வாசல் வழியே வெளியே போனீர்கள்.

ஐயா, அந்தக் கணம் எங்கள் நெஞ்சில் விழுந்த அதிர்ச்சியை எந்தச் சொல்லால் சொல்வேன்! மேலதிகாரியின் கை வாளருகே போயிற்று. "கெ மானா?" என்று மலாயில் கேட்டார், எங்கே போகிறார் என்று. ரூத் அம்மா தலை குனிந்துகொண்டார். பின் வாங்கிலிருந்து யாரோ, "மனுசனுக்குத் திமிரு பார்த்தியாலா, மகளையும் மதிக்கல, மாலையையும் மதிக்கல" என்று முணுமுணுத்தது முன்வரிசைக்கே கேட்டது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு காலி நாற்காலிகளைப் பார்த்து, "ஓயாத மோட்டாரை ஒத்த..." என்று மறுபடியும் வாசித்தேன். அடுத்த அறையில் மணி ஒலித்தது. சற்று நேரத்தில் தாங்கள் திரும்பி வந்து அமர்ந்தீர்கள். நெற்றியில் வேர்வை. வெள்ளைச் சட்டையின் மணிக்கட்டில் செம்பனை எண்ணெய்க் கறை. கூட்டம் முடியுமுன் இன்னொருமுறையும் அப்படியே எழுந்து போய் வந்தீர்கள். ஏற்புரை சொல்லும்படி கேட்டபோது, "எல்லாரும் நல்லா இருங்க" என்ற மூன்றே சொல்லோடு உட்கார்ந்துவிட்டீர்கள்.

கண்ணாடிச் சட்டம் போட்ட மடலைத் தங்கள் கையில் தந்தபோது நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டதை இங்கே எழுதியே ஆகவேண்டும்: 'ஒன்பது இரவு வீண்.'

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, தாங்களும் ரூத் அம்மாவும் சாமான்களோடு கடற்கரை ஊரான கோத்தா கோலா மூடாவுக்கு வண்டி ஏறிய பிறகு, முனியாண்டி என் மேசையருகே வந்து நின்றான். கையில் ஒட்டிய உறை. உறைக்குள் ஏதோ கனம்.

"கிராணியாரே, கண்ணு ரெண்டு நாளா மங்கலு. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

"கண்ணாடி போடேன்."

"கண்ணாடி போட்டாலும் மங்கலுதான்" என்றான், பிறகு குரலைத் தாழ்த்தி, "பொறந்ததுலேருந்தே மங்கலு. வெளியில சொல்லிடாதீங்க" என்றான்.

தேநீர் வேளைதோறும் செய்தித்தாளை விரித்துப் பிடித்துத் தலையாட்டிக்கொண்டே இருப்பானே, அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது ஐயா! தங்களையும் ஏமாற்றியிருக்கிறான், என்னையும் ஏமாற்றியிருக்கிறான். நான் சிரித்துக்கொண்டே உறையைக் கிழித்தேன். ஒரு சாவி விழுந்தது. தங்கள் கையெழுத்து. உரக்க வாசித்தேன்.

"தம்பி முனியாண்டி, சாவி கொட்டகையுடையது. மோட்டார் எரிந்து பதினேழு மாதம் ஆகிறது. வேறு மோட்டார் இந்த நாட்டில் கிடைக்காது. தண்டவாளம் அடித்ததும் ஓடிப்போ. பெட்டிக்குள் இடப்பக்கத்துக் காந்தம் 'டக்'கென்று ஒட்டினால் கைப்பிடியை வலமாகச் சுற்று. வலப்பக்கத்துக் காந்தம் ஒட்டினால் இடமாகச் சுற்று. இருபத்திரண்டு சுற்று. நடுவில் மட்டும் நிறுத்தாதே, உள்ளே தீப்பற்றிக்கொள்ளும்."

இந்த இடத்தில் வெளியே தண்டவாளம் ஒலித்தது. அரிசி ஆலை ஓடத் தொடங்கும் நேரம். வழக்கப்படி கிளாரன்ஸ் முப்பது எண்ணிப் பொத்தானை அழுத்தும் அரவம் கேட்டது. நான் அடுத்த வரியை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"சதாசிவத்துக்கு மட்டும் சொல்லிவிடாதே. அன்றைக்குப் பொத்தானை அழுத்தியது அவன்தான்."

"அண்ணே!" என்று கிளாரன்ஸ் கத்தினான். "முள்ளு எழும்பல! மணி அடிக்கல! இன்னும் கீழ போவுது அண்ணே!"

எப்படி எழுந்தேன், எப்படி முற்றத்தைக் கடந்தேன் என்று நினைவில்லை. முனியாண்டிதான் பூட்டைத் திறந்தான். உள்ளே ஒரு முக்காலி, ஒரு தண்ணீர்ச் செம்பு, சுவரில் ஒரு சிலுவை. மோட்டார் தன் இடத்தில் மூடியோடு பளபளவென்று இருந்தது. மூடியைத் தூக்கினால் சுற்றுக்கம்பி முழுதும் கரி. அதற்குப் போகும் வயர்கள் வெட்டப்பட்டு, துணி சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. தண்டின் முனையில் கைப்பிடி. பிடிக்கும் இடம் மட்டும் வெள்ளி போல மின்னியது. அந்த மின்னலைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன் ஐயா.

"நிக்காதீங்க கிராணியாரே, எடப்பக்கந்தான் ஒட்டியிருக்கு, சுத்துங்க!"

சுற்றினேன். ஏழு. எட்டு. பேனா பிடித்த கை. பதினாலில் தோள் இற்றுவிட்டது, பிடி நழுவியது. முனியாண்டி என் கையைத் தட்டிவிட்டுத் தானே பற்றிக்கொண்டான். "நடுவுல நிறுத்தச் சொல்லி எழுதலையே? ஐயா எழுதுனதைப் படிச்சவரு நீங்கதானே? பதினஞ்சு! பதினாறு!" இருபத்திரண்டில் உள்ளே ஏதோ கனமாகப் புரண்டு உட்கார்ந்தது. தொலைவில் மணி ஒலித்தது. "வந்துருச்சு!" என்ற கிளாரன்ஸின் குரலும் கேட்டது.

நான் முக்காலியில் உட்கார்ந்து மீதிக் கடிதத்தை வாசித்தேன். "அவனுக்குத் தெரிந்தால் பதிவேட்டில் எழுதிவிடுவான். எழுதாமல் இருக்க அவனால் ஆகாது. மாதக் கடைசியில் ஏடு ஜப்பான்காரர் மேசைக்குப் போகும். கம்பி ஒன்று அறுந்ததற்கே ஒருவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவில்லை. சதாசிவத்துக்கு இரண்டு பிள்ளைகள்."

பிறர் பிழையைத் தன் தோளில் சுமந்த பெருந்தகையே! இனி என் பிழையை என் கையால் வரிசையாக எழுதுகிறேன்.

நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு வைக்கச் சொன்ன நாள் அது. தெருவிளக்கு ஏறுமுன், மாலை ஆறரைக்கு நான்கு படி உயர்த்தவேண்டும் என்பது சுவரில் ஒட்டியிருந்த நம் அட்டவணை. கடிகாரம் ஆறரை காட்டியது. நான் நான்கு படி உயர்த்தினேன். வெளியே வெயில் பழைய ஐந்து மணிக்குரிய வெயில். ஒரு விளக்கும் ஏறவில்லை. சன்னலைத் திரும்பிப் பார்த்திருந்தால் போதும். நான் பார்த்தது அட்டவணையை! வோல்ட்டேஜ் எகிறி, அதிகாரிகள் குடியிருப்பில் பல்புகள் வெடித்தன. தொலைபேசி அலறியது. அச்சத்தில் 'கீழே' என்பதை அழுத்தினேன். அது முடியுமுன் 'மேலே', மறுபடி 'கீழே'. முன்னும் பின்னுமாக இழுபட்ட அந்தச் சிறு மோட்டார் எத்தனை நேரம் தாங்கும்? தாங்கள் கொட்டகைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினீர்கள். கொஞ்ச நேரத்தில் முள் சரியான இடத்துக்கு இறங்கியது. வெளியே வந்து, "எண்ணெய் இறுகியிருந்துச்சு தம்பி, இப்ப சரி" என்றீர்கள். நான் அப்படியே பதிவுசெய்தேன்.

அன்றிலிருந்து ஒரு படி நகர எட்டு விநாடிக்குப் பதில் முப்பது விநாடி ஆயிற்று. அதையும் நாள்தோறும் பதிவுசெய்தேன். காரணம் என்ற கட்டத்தில், "மாற்று எண்ணெய்" என்று எழுதினேன். செம்பனை எண்ணெய் ஊற்றினால் எந்த இயந்திரமும் மந்தமாகும் அல்லவா? பொத்தானை அழுத்துமுன் தண்டவாளம் அடிக்கவேண்டும், முப்பது எண்ணவேண்டும், இரவு பத்துக்குமேல் தொடக்கூடாது என்று தாங்கள் புதிய விதிகள் போட்டபோது, நல்ல ஒழுங்கு என்று மெச்சினேன். அந்த முப்பதும் தாங்கள் ஓடிவந்து சேரும் நேரம் என்று ஒருநாளாவது தோன்றியதா எனக்கு?

செவ்வாய் மாலை ஏட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பதினேழு மாதத்தில் நாங்கள் பொத்தானை அழுத்தியது நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு முறை. சுற்று, தொண்ணூற்றிரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்து நான்கு. ஐம்பத்தைந்து வயதில், வலத்தோள் வீங்கிய நிலையில்! "ஐயாவுக்குச் சட்டை போட ரூத் அம்மா வேணும்" என்று நாங்கள் கேலி செய்த தோள்! ஐம்பத்தைந்து ஆனவர்கள் விலகவேண்டும் என்று உத்தரவு வந்தபோது, இன்னும் ஓராண்டு இருக்கவிடும்படி மேலதிகாரி முன் தாங்கள் இருமுறை போய் நின்றதை, அரிசிப் பங்கீட்டுக்கு ஆசைப்பட்டதாக இந்த நிலையத்தில் பேசாத வாய் இல்லை. அந்த வாய்களில் முதல் வாய் என்னுடையது.

தண்டவாளத்தின் ஓசை எட்டும் எல்லைக்கு அப்பால் தாங்கள் பதினேழு மாதம் கால் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் இல்லை. பாசார், சந்தை இல்லை. சனவரி மாதம் மெர்கோங்கில் நடந்த தங்கள் ஒரே மகளின் திருமணமும் இல்லை.

ஐயா, அந்தத் திருமணத்துக்கு நான் போயிருந்தேன். மணப்பெண்ணைத் தந்தை கைப்பிடித்துப் பீடம்வரை அழைத்துப்போவது தங்கள் வழக்கம். கோயில் வாசலில் பிரிஜெட் அரைமணி நேரம் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாய்மாமன் கையைப் பிடித்து உள்ளே போனார். பந்தியில் யாரோ தங்களைக் கேட்டபோது, "அவருக்கு மகளைவிட மோட்டாரு பெருசுலா!" என்று சொல்லிச் சிரித்தவன் நான். பிரிஜெட்டின் காதில் அது விழுந்தது. அன்றுமுதல் தங்களோடு அவர் பேசவில்லை என்பதும், நிலையத்து வீட்டுப் படியில் கால் வைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்றைய பக்கத்தை ஏட்டில் புரட்டினேன். கிளாரன்ஸின் வேலைமுறை, பதினான்கு முறை அழுத்தியிருக்கிறான். மகளின் கையைப் பிடிக்கவேண்டிய கை அன்று எதைப் பிடித்திருந்தது என்பதையும் இப்போதுதான் அறிந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை தங்களை மன்னித்திருக்கும். அந்த ஒரு வார்த்தை என் உயிருக்கு ஆபத்து என்று அடக்கிக்கொண்டீர்கள்!

தாங்கள் ஏழு நாளாக உறங்கியிருக்கமாட்டீர்கள் என்பதால், இங்குள்ள நிலையையும் எழுதுகிறேன். இரகசியம் மூவரிடம் இருக்கிறது: நான், கிளாரன்ஸ், முனியாண்டி. மூவரும் முறைபோட்டுச் சுற்றுகிறோம். முனியாண்டி எங்கள் இருவரைவிடவும் சீராகச் சுற்றுகிறான். எண்ணும்போது மட்டும் இருபதுக்குப் பிறகு 'இருபதும் ஒண்ணு, இருபதும் ரெண்டு' என்கிறான். வியாழக்கிழமை மேலதிகாரி பலகையின் முன் வந்து நின்று, சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "லம்பாட்" என்றார், தாமதம் என்று. "எண்ணெய் நல்லால்ல, துவான்" என்று கிளாரன்ஸ் பணிவோடு மலாயில் சொன்னான். மேலதிகாரி உடனே ஏட்டைக் கேட்டார். பதினேழு மாதமாக ஒரே கையெழுத்தில், ஒரே மையில், "மாற்று எண்ணெய்". "பாகுஸ்" என்றார், நன்று என்று, தலையசைத்துப் போய்விட்டார். நான் நம்பி எழுதிய பொய் எங்களைக் காப்பாற்றியது. அன்று மாலை அதே இரண்டு சொல்லை, பொய்யென்று தெரிந்தே, வாழ்நாளில் முதன்முறையாக எழுதினேன். எழுதாமல் இருக்க என்னால் ஆகாது என்றீர்கள், உண்மைதான். மாற்றி எழுத ஆகும் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

ஆனால் இந்த மடலில் அப்படி எழுத என்னால் ஆகாது. எழுதவேண்டாம் என்று கிளாரன்ஸ் காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தான். "தமிழ் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் கையில மாட்டினா போதும். நீங்களே கயிறு திரிச்சுக் கழுத்துல மாட்டிக்கிறீங்க அண்ணே. வாயால சொல்லி அனுப்பினாப் போதாதா?" போதாது. வாய்ச்சொல்லைப் பிரிஜெட் நம்பமாட்டார். அவர் காதில் விழுந்த என் வாய்ச்சொல்தான் இத்தனைக்கும் காரணம். என் கையெழுத்தில், என் பெயரும் பிழையும் போட்டு எழுதினால், உயிரைப் பணயம் வைத்து ஒருவன் பொய் எழுதமாட்டான் என்றாவது நம்புவார்.

ஆகவே, ஐயா, இந்த மடல் தங்களிடம் நேராக வராது. எண்ணெய்ப் பீப்பாய் ஏற்ற அலோர் ஸ்டாருக்குப் போகும் லாரியில் முனியாண்டி இன்று போகிறான். மடலை அங்குள்ள மெர்கோங்கில் பிரிஜெட் கையில் கொடுப்பான். "முழுவதும் படியுங்கள், படித்தபின் நீங்களே அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மேலே வைத்திருக்கிறேன். படிக்கத் தெரியாதவன் கையில் கொடுப்பதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது.

இது தங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், எழுத்தைப் பார்க்குமுன் கொண்டுவந்த கையைப் பாருங்கள். கேட்க வேண்டியவை, சொல்ல வேண்டியவை எல்லாம் முடிந்த பிறகு, சுவரில் மாட்டியிருக்கும் முதல் மடலின் சட்டத்தைக் கழற்றி, அதன் முதுகுப்புறம் இதை மடித்து வைத்து, பின்பலகையை மீண்டும் ஆணி அடித்துவிடுங்கள். முன்னால் இருப்பது ஊர் படிக்க, மோட்டாரைப் புகழ்ந்தது. பின்னால் இருப்பது தங்களுக்கு. எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பேசக்கூடிய நாள் வரும்போது இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

பத்தொன்பது ஆண்டுப் பணியில் பழுதறியாப் பண்பாளரே! அந்தத் தோள் ஆறட்டும். கடற்கரைக் காற்றில், எந்த ஓசைக்கும் எழுந்து ஓடவேண்டாத உறக்கம் தங்களுக்கு வாய்க்கட்டும். ரூத் அம்மாவோடும், மகளோடும், மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகளோடும் நெடுங்காலம் நலமே வாழ எல்லாம்வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம்.

அரக்கு இல்லை, மரவள்ளிக் கூழால் உறையை ஒட்டுகிறேன். முனியாண்டி லாரியின் ஓரத்தில் நின்று, "சீக்கிரம் ஒட்டுங்க கிராணியாரே, காயறதுக்குள்ள டிரைவர் போயிடுவாரு" என்கிறான். வெளியே கிளாரன்ஸ் தண்டவாளத்தை அடித்துவிட்டான். முனியாண்டி ஊரில் இல்லாததால் இன்று முழுவதும் என் முறை. முப்பது எண்ணுவதற்குள் மடலை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போகவேண்டும். இருபத்திரண்டு சுற்று, நடுவில் நிறுத்தமாட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பில் என்றும் கடன்பட்ட

சதாசிவம், கிராணி
கிளாரன்ஸ், சுவிட்சுப் பலகை
முனியாண்டி, எண்ணெய் போடுபவர் (கட்டைவிரல் ரேகை)

2603, செப்டம்பர் 6